சரிந்து நின்ற நங்கூரம்

"அசையாதையும் எல்சி. மூச்சையும் ஒருக்காப் பிடியும்."

எல்சி மூச்சைப் பிடித்தாள். வலப்பக்கக் கொடுப்புப் பற்களுக்கு நடுவே மடித்த தீப்பெட்டி மட்டை. முதுகுக்குப் பின்னால் குசினிச் சுவர். முகத்துக்கு நேரே கைபேசியோடு புருஷன் லெஸ்லி. அடுப்பில் சொதி பொங்கிக்கொண்டு வந்தது. அதைச் சொல்ல வாய் திறந்தால் மட்டை விழுந்துவிடும். அதனால் கண்ணாலே அடுப்பைக் காட்டினாள்.

"கண்ணை உருட்டாதையும், தலை ஆடுது."

சொதி வழிந்து அடுப்பையே அணைத்துவிட்டது. லெஸ்லி அதைக் கவனிக்கவில்லை. எடுத்த படத்தை இரண்டு விரலால் பெருப்பித்தார். மனைவியின் கழுத்தும் தோளும் தவிர வேறொன்றும் தெரியாத அளவுக்குப் பெருப்பித்து, எந்நேரமும் கன்னத்தில் அடக்கி வைத்திருக்கும் கராம்பை நாக்கால் தடவியபடி தீர்ப்புச் சொன்னார்.

"சரிவு அப்பிடியே கிடக்கு. இன்னொரு மட்டை வைப்பம்."

லெஸ்லிக்குத் துறைமுகத்தில் வேலை. கரைக்கு வருகிற கப்பலின் வடத்தை வாங்கி இறுக்கிக் கட்டுவது அவர் தொழில். கப்பல்களைப் பார்த்துப் பார்த்து, மனிதர்களையும் கப்பலாகவே பார்க்கப் பழகிவிட்டார். சுமையைப் பிழையாக ஏற்றினால் கப்பல் சரியும். ஆகவே எது சரிந்திருந்தாலும் எங்கே சுமை பிழைத்தது என்று தேடுவார். வீட்டிலுள்ள இருதய ஆண்டவர் படம் சரிந்திருக்கிறதென்று தினமும் வேலைக்குப் போகுமுன் அதைத் திருத்துவார். அவர் படலையைத் தாண்டியதும் எல்சி அதை மறுபடி திருத்துவாள். இதில் இருவருக்கும் சண்டையில்லை. ஆண்டவர்தான் பாவம்.

இந்த முறை சரிந்திருந்தது எல்சி.

கரையோர மாதர் சங்கங்களின் விளையாட்டு விழாவில் கடைசியாக நடப்பது கயிறிழுத்தல். கயிற்றின் வாலை உடம்பில் சுற்றிக்கொண்டு ஆகக் கடைசியில் நிற்பவரைத் துறைமுகப் பக்கத்தார் நங்கூரம் என்பார்கள். எல்சிதான் பல வருஷமாக அவர்களின் நங்கூரம். மற்ற நாட்களில் அவள் துறைமுகக் கன்டீனில் சோறு போடுகிறவள். கறி உறைப்பென்றால் மட்டும்தான் அவளை ஒருவர் நிமிர்ந்து பார்ப்பார். அந்த ஒரு பின்னேரம் மட்டும் ஏழு பெண்கள் அவளை நம்பி முன்னால் நிற்பார்கள். அந்த இடத்தை விட்டுக்கொடுப்பதைவிடத் தாலிக்கொடியைக் கழற்றிக் கொடுப்பாள் எல்சி.

ஆனால் போன முறையும் அதற்கு முந்தின முறையும் மூதூர்ச் சங்கத்திடம் தோற்றுவிட்டார்கள். ஏன் தோற்றோம் என்று பெண்கள் யோசிக்கும் முன்னமே லெஸ்லி கண்டுபிடித்துவிட்டார். கைபேசியில் ஒரு வெள்ளைக்காரன் பேசியதை முழுக்கப் பார்த்தாராம்.

"மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாப் பொருந்தாட்டித் தாடை சரியும். தாடை சரிஞ்சால் கழுத்து, கழுத்து சரிஞ்சால் தோள், தோள் சரிஞ்சால் இடுப்பு. பிறகென்ன, பலம் எல்லாம் ஒரு பக்கத்தால ஒழுகிப் போயிடும். பெரிய ஓட்டக்காரர் எல்லாம் இப்ப பல்லைத்தான் முதல் பாக்கினமாம்."

சொல்லிவிட்டுப் போன முறை தான் எடுத்த படத்தைப் பெருப்பித்துக் காட்டினார். உண்மைதான். படத்தில் எல்சி ஒரு பக்கம் சரிந்துதான் நின்றாள்.

அதோடு விட்டிருக்கலாம். மனுஷன் அந்தப் படத்தைக் கொண்டுபோய்ச் சங்கத் தலைவி இரத்தினேஸ்வரிக்கும் காட்டிவிட்டார். நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணம் இல்லாமல் லெஸ்லி ஒருநாளும் ஒரு கேடும் செய்ததில்லை.

இரத்தினேஸ்வரி படத்தைப் பார்த்தாள், எல்சியைப் பார்த்தாள். "எல்சி, குறை நினைக்காத. விழாவுக்கு முன்னம் நிமிர்ந்தியெண்டால் நீதான் நங்கூரம். இல்லாட்டி லோஜனாவை விடுவம். அவள் ஜிம்முக்கும் போறவள்."

அன்றிரவு எல்சி அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். கண்ணாடியில் நேராகத்தான் தெரிந்தது. ஆனாலும் கண்ணாடியை யார் நம்புவது? தன் முகத்தைத் தான் பார்க்கும்போது எல்லாரும் கொஞ்சம் நேராக நிற்கத்தானே பார்ப்பார்கள். அவளுக்கு அழுகை வந்தது. அடுத்த நாள் காலையில் தானே போய்த் தீப்பெட்டியைக் கிழித்தாள்.

மட்டை வைத்தியம் கன்டீனில் படுத்துவிட்டது. வாய்க்குள் மட்டை இருந்தால் பேச ஏலாது. பேசினால் மட்டை இருக்காது. வெறுங்கோப்பி கேட்டவருக்குப் பால்தேத்தண்ணி போனது. ஒருதடவை அவசரத்தில் மட்டையை விழுங்கியும் விட்டாள். பின்னேரப் பயிற்சிக்கு லெஸ்லி மூன்று மட்டைகளை ஒன்றாக ஒட்டி வைத்து அனுப்பினார். கடற்கரையில் கயிற்றைப் பிடித்துப் பல்லைக் கடித்ததும் காதுக்குப் பின்னால் சுள்ளென்று குத்தியது. மட்டையைத் துப்பினாள். அந்தக் கரையில் ஆடுமாடுபோல மேய்ந்து திரியும் மான்களில் ஒன்று வந்து அதைத் தின்றுவிட்டுப் போனது.

"அது மானுக்கே ஒத்துக்கொண்டிட்டுது," என்றார் லெஸ்லி. "உமக்குத்தான் மட்டை காணாது. உறுதியான சாமான் வேணும்."

உறுதியான சாமான் மறுநாள் வந்தது. குத்துச்சண்டைக்காரர் பல்லுக்குப் போடும் உறை. கொதிநீரில் போட்டு இளக்கி வாயில் வைத்துக் கடித்தால், கடித்தவரின் பல் அச்சு அப்படியே அதில் விழுந்து இறுகிவிடும். லெஸ்லி குசினியில் கேத்தலை வைத்து, உறையை முட்டை அவிப்பதுபோல அவித்தெடுத்தார்.

"எப்பிடிக் கடிக்கிறது?" என்று எல்சி பயந்து பயந்து கேட்டாள்.

"இப்பிடி. பாரும்." அவர் கராம்பைத் துப்பிவிட்டு உறையைத் தன் வாயில் வைத்துக் கடித்தார். முகத்தைச் சுளித்தார். ஒரு பக்கமாகக் கடித்தார். மனைவிக்கு விளங்கவேண்டுமே என்று நன்றாக நின்று நிதானித்துக் கடித்தார். வெளியே எடுத்தபோது உறை கல்லுப்போல இறுகியிருந்தது.

"இது உங்கட பல்லு அச்செல்லோ!"

"பல்லெண்டா எல்லாருக்கும் பல்லுத்தானே எல்சி. போடப் போடப் பழகும்."

பழகவில்லை. உறையைப் போட்டால் எல்சியின் கீழ்த்தாடை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போனது. தாடையோடு கழுத்தும் போனது. பயிற்சியில் அவள் இழுத்த இழுப்பில் முன்னால் நின்ற இருவர் கால் தடக்கி மணலில் விழுந்தார்கள். லெஸ்லி எடுத்த அன்றைய படத்தில் சரிவு இரட்டிப்பாகியிருந்தது. இரத்தினேஸ்வரி லோஜனாவைக் கூப்பிட்டுக் கயிற்றின் வாலை எப்படிச் சுற்றுவதென்று காட்டிக் கொடுத்தாள்.

கன்டீனில் சோறு போடுகிறவளாகவே கிடந்து போய்விடப்போகிறோம் என்று வீடு வரும்வரை எல்சி நினைத்து நினைத்துக் குமைந்தாள்.

"இன்னும் நாள் இருக்கு," என்றார் லெஸ்லி. உண்மையாகவே அவள் மேல் இரக்கம்தான். கடைக்குப் போய்ப் புழுக்கொடியல் வாங்கி வந்தார். காய்ந்த பனங்கிழங்கு, விறகோடு சேர்த்து வைத்தால் பிரித்தறிவது கஷ்டம். "வலப்பக்கத்தால மட்டும் சப்பும். தாடை தன்பாட்டில இந்தப் பக்கம் வரும்."

எல்சி சப்பினாள். கன்டீனில் சப்பினாள், பஸ்ஸில் சப்பினாள், பூசையில் கூட ஒரு துண்டைக் கன்னத்தில் அடக்கியிருந்தாள். விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம், கன்டீனில் ஒரு பெரிய கொட்டாவி வந்தது. வந்த கொட்டாவி போகவில்லை. வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போகும்போது வழியெல்லாம் தெரிந்தவர்கள் கையசைத்தார்கள். எல்சி அக்கா இன்றைக்கு நல்ல சந்தோஷம் போல என்று அவர்களும் வாய்விட்டுச் சிரித்தார்கள். அவள் வாயை ஒரு கையால் மறைத்து, மறுகையால் லெஸ்லியின் முழங்காலில் கிள்ளினாள்.

பல் வைத்தியர் றிஷானாவின் வாசலில் லெஸ்லி இறங்கவேயில்லை.

"நீர் போயிட்டு வாரும். எனக்கு உந்த மருந்து மணம் ஒத்துவராது. நான் ஓட்டோவில இருக்கிறன்."

றிஷானா இளம்பெண், சிரித்த முகம். இரண்டு கட்டைவிரலையும் எல்சியின் வாய்க்குள் விட்டு ஓர் அழுத்து அழுத்தினாள். 'டொக்' என்று தாடை தன் இடத்துக்கு வந்தது. பிறகு பல்லெல்லாம் தட்டிப் பார்த்தாள், கடிக்கச் சொல்லிப் பார்த்தாள், புழுக்கொடியல் கதையையும் பல்லுறைக் கதையையும் கேட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"அக்கா, உங்கட பல்லு அழகாப் பொருந்துது. இதில திருத்த ஒண்டுமில்ல."

"அப்ப அந்த வெள்ளைக்காரன் சொன்னது?"

"தாடை, பல்லு நோகுதெண்டால் ஆக்கள் கழுத்தைச் சரிச்சுப் பிடிப்பாங்க, அது உண்மைதான். அதையும் இதையும் ஆராய்ச்சியும் செய்றாங்க. ஆனா பல்லைத் திருத்தினாக் கயிறிழுப்பில வெல்லலாமெண்டு இன்னும் ஒருத்தரும் காட்டேல்ல. நீங்க நாளைக்கு இழுங்க, பயமில்ல. ஒண்டு மட்டும். சப்பக் கூடாது, கத்தக் கூடாது, கதைக்கவும் கூடாது. கஞ்சி மட்டும்."

எல்சி வெளியே வந்தாள். கதைக்கக் கூடாதே, ஆகவே நெஞ்சில் கைவைத்து, பல்லைக் காட்டி, எல்லாம் நல்லாயிருக்கு என்று கையால் சொன்னாள்.

"நான் அப்பவே சொல்லேல்லையோ!" என்று லெஸ்லி தொடையில் தட்டினார். "டொக்டரும் ஒத்துக்கொண்டிட்டா, என்ன? தாடையைச் சரிப்படுத்திப் போட்டாவோ?"

எல்சி தலையில் அடித்துக்கொண்டாள். அதை அவர் ஓம் என்று எடுத்துக்கொண்டார்.

விழா நாளில் குடாக்கடலோரம் முழுக்கச் சனம். மூதூர்ப் பெண்கள் நீல நிறச் சட்டையில் வந்து இறங்கியிருந்தார்கள். அவர்களின் நங்கூரம் நுஸ்ரத். நல்ல உயரம், இரண்டு முறை வென்ற நிதானம். மொத்தம் மூன்று இழுப்பு, இரண்டில் வென்றவர்களுக்குக் கிண்ணம். முதல் இழுப்பில் லோஜனா வாலில் நின்றாள். விசில் ஊதி வாய் மூடுமுன் எட்டுப் பேரும் கோட்டுக்கு அந்தப் பக்கம் கிடந்தார்கள். லோஜனா மணலைத் துடைத்தபடி எழுந்து, கயிற்றின் நுனியைத் தூக்கிக்கொண்டு நேரே எல்சியிடம் வந்தாள்.

"அக்கா, எனக்கு ஏலாது. ஜிம்மில இரும்பு சும்மா கிடக்கும், இவையள் மற்றப் பக்கம் இழுக்கினம். நீங்க வாங்கோ."

எல்சி இரத்தினேஸ்வரியைப் பார்த்தாள். இரத்தினேஸ்வரி பெருமூச்சு விட்டாள். "சரிஞ்சாலும் பரவாயில்லை, வா."

எல்சி கயிற்றைச் சுற்றிக் குதிக்காலை மணலுக்குள் ஊன்றினாள். வழக்கமாக இந்த நேரத்தில் அவள் வாய் சும்மா இராது. "இழு! விடாத! காலை வை! அங்க என்ன பாக்கிற!" என்று பின்னாலிருந்து கத்துவாள். தலைவியும் முன்னாலிருந்து கத்துவாள். எட்டுப் பேரும் எட்டு நேரத்தில் இழுப்பார்கள். இன்றைக்கு எல்சிக்கு வாய் திறக்க அனுமதியில்லை. இரத்தினேஸ்வரியின் குரல் ஒன்றுதான் கேட்டது.

"ஏலோ!"

எட்டுப் பேரும் ஒன்றாகச் சாய்ந்தார்கள். கயிறு விறைத்தது. எல்சிக்குத் தன் கால் மணலுக்குள் வேர்விட்டதுபோல இருந்தது. "ஏலோ!" நீலச் சட்டைகள் ஓர் அடி வந்தன. இன்னோர் அடி வந்தன. விசில் ஊதியது. மூன்றாவது இழுப்பு நெடுநேரம் நின்றது. உள்ளங்கை எரிந்தது, கண் இருண்டது, ஆனால் அவள் அசையவில்லை. கடைசியில் நுஸ்ரத்தின் கால்தான் சறுக்கியது.

பெண்கள் அவளைத் தூக்க முயன்று எல்லாரும் சேர்ந்து விழுந்தார்கள். இரத்தினேஸ்வரி மணலில் கிடந்தபடியே அவள் கன்னத்தைக் கிள்ளினாள். "இவ்வளவு வருசமும் இந்த வாயை மூடியிருந்தியெண்டால் எத்தினை கிண்ணம் வந்திருக்கும், எல்சி!"

எல்சி சிரித்தாள். சிரித்தால் தாடை நொந்தது. நோகட்டும் என்று சிரித்தாள். அவளுக்கு இப்படியொரு சந்தோஷம் வந்து எவ்வளவோ காலம்.

லெஸ்லி கைபேசியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். வெற்றி முழுவதும் தன்னுடையதென்ற முகம். "பாத்தியளோ? தாடை நேரானதும் கிண்ணம்! எல்சி, கிண்ணத்தோட அந்தக் கரையில நில்லும். நேரா நிக்கிறதை எல்லாருக்கும் காட்டவேணும்."

கடலைப் பின்னால் விட்டு எல்சி நின்றாள். அவர் எடுத்தார், இரண்டு விரலால் பெருப்பித்தார். முகம் வாடிப்போனது. "இல்லை எல்சி... இன்னும் சரிவுதான்."

எல்சி வைத்தியர் சொன்னதை மறந்து வாயைத் திறந்தாள். "சரிஞ்சால் சரிஞ்சு போகட்டும். சரிஞ்சு நிண்டுதானே இழுத்தனான்!"

கைகொடுக்க வந்த நுஸ்ரத் இதைக் கேட்டுச் சிரித்தாள். "எங்க, காட்டுங்க பாப்பம்," என்று கைபேசியை வாங்கினாள். பெருப்பித்த படத்தை விரலால் மறுபடி சின்னதாக்கினாள். முழுப் படமும் தெரிந்தது. அதை உற்றுப் பார்த்தாள். பிறகு, கன்னத்தைக் கையில் தாங்கித் தலையை ஒரு பக்கம் சரித்தபடி நின்ற லெஸ்லியை உற்றுப் பார்த்தாள்.

"அக்கா நேராத்தான் நிக்கிறா, அண்ணன், பின்னால கடலெல்லோ சரிஞ்சு கிடக்கு. உங்களுக்கு எந்தப் பக்கத்துப் பல்லு நோகுது?"