மழைக்கால மீசை

"என்ன படம்னு சொல்லுங்க பார்க்கலாம்" என்று கேட்டுவிட்டு, நிதிஷ் தன் செல்போனை மகுடேஸ்வரனின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

மகுடேஸ்வரன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். கிணற்றடியில் ஒரு சைக்கிள் சாய்ந்து கிடந்தது. அதன் பின்சீட்டில் ஒரு சேவல் உட்கார்ந்திருந்தது. மனிதர்கள் யாரும் இல்லை. படத்துக்குக் கீழே மூன்று குறிப்புகள். கதாநாயகனுக்கு இரட்டை வேடம். வில்லனுக்கு ஒரு பாட்டு உண்டு. இடைவேளை வரை கதாநாயகி வாயே திறக்க மாட்டாள்.

"தெரியலீங்க சார்."

"நல்லா பாருங்க. எல்லாரும் பார்த்த படம்."

"சேவல் தெரியுதுங்க. சைக்கிள் தெரியுதுங்க. படம்தானுங்க தெரியல."

நிதிஷின் முகம் தொங்கிப்போயிற்று. செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "சரி, பெட்டியைப் பிரிங்க" என்றார்.

நிதிஷுக்கு முப்பது வயது இருக்கும். கோவையிலிருந்து காரில் வருவார். வெளிநாட்டுக்காரர்கள் வாங்கும் பனியன் சரக்கைப் பெட்டி பிரித்துச் சோதித்து, பாஸ் அல்லது ஃபெயில் என்று எழுதித் தருவது அவர் வேலை. அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு ஜட்டிகூடக் கப்பல் ஏறாது. அப்படி அவர் வரும்போது பக்கத்தில் நின்று சரக்கைக் காட்ட வேண்டியது குவாலிட்டி மேனேஜர் மகுடேஸ்வரன். பல்லடம் ரோட்டில் இருக்கும் அந்தக் கம்பெனியில் அவருக்குப் பதினெட்டு வருட சர்வீஸ். ஓட்டை விழுந்த பீஸை நல்ல பீஸ் என்று ஒரு நாளும் சொன்னதில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

அன்றைக்கு நிதிஷ் ஃபெயில் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

முதலாளி திருமூர்த்தி மகுடேஸ்வரனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"ஏப்பா மகுடேசு, அவுரு ஒரு படத்தக் காட்டிக் கேட்டாராமே? நீ தெரியாதுன்னுட்டியாமே?"

"ஆமாங்க மொதலாளி."

"போன வாரம் அவிநாசிபாளையத்துல என்ற மச்சான் கம்பெனிக்குப் போயிருக்காரு. அங்கயும் இதே மாதிரி ஒண்ணக் காட்டுனாராம். மச்சான் டக்குனு சொல்லிப்போட்டான். அவனுக்கு பாஸு, நமக்கு ஃபெயிலு. இதுக்கு மேல என்னப்பா வேணும்?"

"கழுத்துப் பட்டில தையல் விட்டிருந்துச்சுங்க. பதினோரு பீஸு. நானே பாத்தனுங்க."

"தையல் எல்லா ஊர்லயுந்தான் விடுது. அடுத்த தடவ பதில் சொல்ற வழியப் பாரு சாமி."

மகுடேஸ்வரன் தியேட்டர் பக்கம் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. போன இடத்திலும் திரையைப் பார்க்காமல், முன்சீட்டுக்காரர் சட்டையின் தோள் தையல் கோணலாக இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தவர். யோசித்து யோசித்துக் கடைசியில் அவருக்கு ராமுத்தாயின் நினைவு வந்தது.

ராமுத்தாய் செக்கிங் டேபிளில் பிசிறு வெட்டுகிறவள். சாத்தூர்ப் பக்கத்துக்காரி. கத்தரி பாட்டுக்கு வெட்டிக்கொண்டிருக்க, வாய் பாட்டுக்கு ஏதாவது ஒரு படத்தின் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும். மகுடேஸ்வரன் சேவலையும் சைக்கிளையும் சொல்லி முடிப்பதற்குள், "'ரெண்டாம் நம்பர் சிங்காரம்' சார்" என்றாள். "அந்தச் சேவல்தான் கடைசில அண்ணன் தம்பிய ஒண்ணு சேத்து வைக்கும். நா நாலு தடவ பாத்துட்டு நாலு தடவையும் அழுதேன்."

அடுத்த முறை நிதிஷ் வந்தபோது, ராமுத்தாய் ஒரு கட்டு பனியனைத் தூக்கிக்கொண்டு மகுடேஸ்வரனின் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

செல்போன் வெளியே வந்தது. பூட்டிய கதவு. வாசலில் பொங்கிக் கிடக்கும் பால். மூன்று குறிப்புகள்.

"பூட்டிய வீட்டில் பொங்கல்" என்று முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு முணுமுணுப்பு.

"பூட்டிய வீட்டில் பொங்கலுங்க சார்" என்றார் மகுடேஸ்வரன்.

நிதிஷின் கண்கள் விரிந்தன. "சார்! எப்படிங்க சார்!" என்று சின்ன நோட்டு ஒன்றை எடுத்து எழுதிக்கொண்டார். அன்றைக்குச் சரக்கும் சுத்தமாக இருந்தது. பாஸ். போகும்போது, "உங்க வாட்ஸப் நம்பர் குடுங்க சார். இவ்வளவு சினிமா தெரிஞ்ச ஆளை நான் பார்த்ததே இல்லை" என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

தொல்லை அங்கேதான் வளர்ந்தது. மறுநாள் காலை ஒன்பது பத்துக்கு மகுடேஸ்வரனின் போன் டிங் என்றது. ஒரு படம், மூன்று குறிப்பு. "குட்மார்னிங் சார், சொல்லுங்க பார்க்கலாம்." அதற்கு மறுநாளும் ஒன்பது பத்து. அதற்கு மறுநாளும்.

பதில் வரத் தாமதமானால் நிதிஷ் ஒரு கேள்விக்குறி அனுப்புவார். இன்னும் தாமதமானால் மூன்று கேள்விக்குறி. போனைத் தூக்கிக்கொண்டு செக்கிங் டேபிளுக்கு ஓடி ஓடி மகுடேஸ்வரனுக்கு மூச்சு வாங்கியது. திருமூர்த்தி அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்.

"ராமுத்தாய ஆபீஸ் ரூமுக்கே மாத்திப்போடு. ஏசில உக்காந்து யோசிக்கட்டும்."

"அப்ப பிசிறு யாருங்க வெட்டறது?"

"அதுக்கு வேற ஆளப் போடு. இதுக்கு வேற ஆளு கெடைக்குமா?"

ராமுத்தாய் ஏசி அறையில் உட்கார்ந்தாள். காலை ஒன்பது பத்துக்குப் பதில் சொல்வாள். பிறகு மாலை வரைக்கும் குளிர்கிறது என்று சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டிருப்பாள். செக்கிங் டேபிளில் கதை நின்றுபோனதில் மற்றப் பெண்களுக்கு வேலையே ஓடவில்லை. பீஸ்கள் மலையாகக் குவிந்தன. ஆனாலும் பதினேழு நாளுக்குப் பதினேழு பதிலும் சரி. "நீங்க ஒரு லைப்ரரி சார்" என்று நிதிஷ் எழுதியிருந்தார். அதைப் படித்தபோது மகுடேஸ்வரனுக்கு ஓட்டைப் பீஸ் ஒன்றைத் தானே மடித்துப் பெட்டியில் வைத்ததுபோல் இருந்தது.

பதினெட்டாம் நாள் ராமுத்தாய் லீவு. ஊரில் பங்குனிப் பொங்கல்.

ஒன்பது பத்துக்கு டிங் என்றது. ஒரு பழைய பஸ், அதன் மேல் ஓர் ஆட்டுக்குட்டி. மகுடேஸ்வரன் முதலில் மனைவி சித்ரகலாவுக்குப் போன் போட்டார்.

"ஏனுங்க, கல்யாணமாகிப் பத்தொம்பது வருசத்துல என்னைய எத்தன படத்துக்குக் கூட்டிட்டுப் போயிருக்கீங்க?"

"ஒண்ணு."

"அதுல ஆட்டுக்குட்டி வரலீங்க" என்று சித்ரகலா போனை வைத்துவிட்டாள்.

மூன்று கேள்விக்குறி வந்தது. மகுடேஸ்வரன் படத்தை ராமுத்தாய்க்கு அனுப்பிவிட்டுப் போன் போட்டார். அந்தப் பக்கம் கொட்டுச் சத்தமும் ஒலிபெருக்கியும். "சார்... கேக்கல சார்..." என்பது மட்டும் வந்தது. வீடியோவில் கூப்பிட்டார்.

திரையில் ராமுத்தாய், கோயில் கூட்டத்துக்கு நடுவே. வாயால் கத்திப் பயனில்லை என்று தெரிந்ததும் போனை யாரிடமோ பிடிக்கக் கொடுத்துவிட்டுக் கையால் காட்ட ஆரம்பித்தாள். இரண்டு கைகளையும் மேலே தூக்கி விரல்களை ஆட்டியபடி இறக்கினாள்.

"மழை!" என்றார் மகுடேஸ்வரன்.

அவள் தலையாட்டினாள். பிறகு சேலையைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக் காட்டினாள்.

"குளிரு! இல்ல, மழைக்காலம்!"

கைதட்டினாள். அடுத்து, மூக்குக்குக் கீழே விரலை வைத்து இரண்டு பக்கமும் முறுக்கினாள். அந்த இடத்தில் சிக்னல் போயிற்று. மீசையை முறுக்கிய கையோடு ராமுத்தாய் அப்படியே உறைந்து நின்றாள்.

ஆறு கேள்விக்குறி வந்தது. மகுடேஸ்வரன் முருகனை நினைத்துக்கொண்டு டைப் அடித்தார். 'மழைக்கால மீசை.'

"நீங்க தெய்வம் சார்" என்று நிதிஷ் கும்பிடு போட்டார்.

மறுநாள் ராமுத்தாய் வந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள். "'மழைக்கால மாப்பிள்ளை' சார்! மீசைய முறுக்கிட்டு, கழுத்துல மால போட்டுக் காமிச்சேனே!"

"மால வரல ராமுத்தாய். மீசையோட நின்னுபோச்சு."

"மழைக்கால மீசன்னு ஒரு படமே கெடையாதே சார். அப்புறம் எப்படி தெய்வம்னு எழுதுனாரு?"

அதுதான் மகுடேஸ்வரனுக்கும் புரியவில்லை. "நக்கலுப்பா" என்றார் திருமூர்த்தி. "கண்டுபிடிச்சுப்போட்டாரு. மனசுல வெச்சுட்டு இருக்காரு."

அன்றைக்கு ஒன்பது பத்துக்கு டிங் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் நிதிஷே வந்தார்.

அன்று போக வேண்டியது குழந்தைகள் பைஜாமா, ஒன்பதாயிரம் செட். நாலு மணிக்கு லாரி தூத்துக்குடி கிளம்பியாக வேண்டும். விட்டால் கப்பல் போய்விடும், சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரனும் கூடவே போய்விடுவான்.

நிதிஷ் ஷேவ் செய்திருக்கவில்லை. காரிலிருந்து இறங்கியதும் மகுடேஸ்வரனிடம் வந்து, "மழைக்கால மீசைன்னு ஒரு படமே இல்லையாமே சார்" என்றார்.

மகுடேஸ்வரன் வாயில் வந்ததைச் சொன்னார். "அது... தெலுங்குல அந்தப் பேர்ல வந்துச்சுங்க சார்."

"தெலுங்கிலா?"

"கன்னடமாக்கூட இருக்கலாமுங்க" என்றார் பின்னால் நின்ற திருமூர்த்தி, உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு.

நிதிஷ் பெருமூச்சு விட்டுச் செல்போனை எடுத்தார். "அதை விடுங்க. இதைச் சொல்லுங்க சார். இது முக்கியம்."

ஒரு மேசை. இரண்டு காபி டம்ளர். ஒன்றில் காபி குடிக்கப்படாமல் ஆடை கட்டியிருந்தது. எதிரே காலி நாற்காலி. கீழே குறிப்புகள்.

ராமுத்தாய் இந்த முறை முதுகுக்குப் பின்னால் நிற்கவில்லை. நேராக வந்து போனை வாங்கிப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள். டேபிள் பெண்கள் எல்லோரும் வந்து பார்த்தார்கள். தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. இஸ்திரி போடும் பீகார்க்காரர்கூட எட்டிப் பார்த்து, "இந்தி படம் நஹி" என்று உறுதியாகச் சொன்னார். அரை மணி நேரம் ஆயிற்று. மணி இரண்டேகால்.

"இப்படி ஒரு சீனு எந்தப் படத்துலயும் இல்ல சார்" என்றாள் ராமுத்தாய் கடைசியில்.

எல்லோரும் டம்ளரையும் நாற்காலியையுமே பார்த்துக்கொண்டிருக்க, மகுடேஸ்வரன் அப்போதுதான் கீழே இருந்த குறிப்புகளைப் படித்தார்.

ஒன்று: இதில் கதாநாயகன் சொல்லும் பதிலெல்லாம் அடுத்தவர் சொல்லிக் கொடுத்தது.

இரண்டு: அது தெரிந்தும் ஒருவர் பொறுத்துக்கொண்டே இருக்கிறார்.

மூன்று: உண்மையைச் சொன்னால்தான் கிளைமாக்ஸ்.

இரண்டாவது தடவையும் படித்தார். சந்தேகமே இல்லை. படமாவது, நாற்காலியாவது! எதிரே நிற்கிற இந்த மனுசன் எல்லாவற்றையும் கண்டுபிடித்து, வாயால் சொன்னால் கௌரவக் குறைச்சல் என்று எழுதிக் காட்டுகிறான். திருமூர்த்தி பின்னாலிருந்து, "ஏதாவது ஒரு பேரச் சொல்லுப்பா" என்று இடித்தார். மகுடேஸ்வரன் நகரவில்லை.

"சார், எனக்குச் சினிமாவே தெரியாதுங்க."

மெஷின் சத்தம் இல்லாத இடத்தில் அது பெரிதாகக் கேட்டது.

"இத்தன நாளா நான் சொன்னது ஒண்ணுகூட என்ற பதில் இல்லீங்க. இந்த ராமுத்தாய் சொல்லும், நான் அனுப்புவனுங்க. பெரிய சினிமா ஆளுன்னு உங்கள நம்ப வெச்சதுக்கு மன்னிச்சுக்கோங்க. மீச மட்டும் நானாச் சொன்னதுங்க. அதுவும் தப்பு. ஆனா சரக்குல ஒரு தப்பு இல்லீங்க சார். நீங்களே பிரிச்சுப் பாருங்க. படத்துக்காக அதுல கைய வெச்சுறாதீங்க."

நிதிஷ் போனைத் திரும்ப வாங்கி அந்த மூன்று குறிப்பையும் உதடு அசைய மெதுவாகப் படித்தார். அவர் முகம் முதலில் வெளுத்தது, பிறகு காது வரை சிவந்தது. விறுவிறுவென்று வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்று யாருக்கோ போன் செய்தார்.

"ஹெட் ஆபீசுக்குப் பேசறாரு" என்றார் திருமூர்த்தி. "மொத்தமா கேன்சலு. நல்லா இருந்த கம்பெனிய உண்மையச் சொல்லிக் கெடுத்துப்போட்டியே மகுடேசு."

ஜன்னல் வழியே எல்லோரும் பார்த்தார்கள். நிதிஷ் தலையைக் குனிந்துகொண்டு பேசினார். நெற்றியில் தட்டிக்கொண்டார். ஒரு கட்டத்தில் காதைப் பிடித்துக்கொண்டார். பிறகு நீண்ட நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம், யாரும் எதிர்பார்க்காதபடி, மரத்தைப் பார்த்துச் சிரித்தார்.

உள்ளே வந்தவர் தனக்கு இஷ்டப்பட்ட பெட்டிகளைக் காட்டி இறக்கச் சொன்னார். ஒவ்வொரு பைஜாமாவாக இழுத்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், விளக்கில் பிடித்துப் பார்த்தார். ஒன்றையும் விடவில்லை. மூன்றரைக்குப் பாஸ் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, மகுடேஸ்வரனின் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப நன்றிங்க சார். நீங்க சொன்ன பிறகுதான் எனக்கே தைரியம் வந்துச்சு" என்றார். ராமுத்தாயைப் பார்த்துக் கும்பிட்டார்.

கையெழுத்துப் போட்ட பேப்பரைத் திருமூர்த்தி இரண்டு தடவை படித்தார். "உண்மையச் சொன்னா பாஸ் போடறவருன்னு முன்னயே தெரிஞ்சிருந்தா மொதல் நாளே சொல்லியிருக்கலாமே" என்றார்.

"அதில்லீங்க மொதலாளி. அவரு எதுக்கு நன்றி சொன்னாருன்னுதான் தெரியல" என்றார் மகுடேஸ்வரன்.

காரில் வைக்க மறந்த நோட்டை எடுத்துப்போக, நிதிஷின் டிரைவர் சந்தனம் உள்ளே வந்தார். நரைத்த தலை, பேச ஆள் கிடைக்காத முகம். மகுடேஸ்வரன் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, உங்க சாரு எதுக்குங்க இப்படிப் படத்தக் காட்டிக் காட்டி எங்களச் சோதிக்கறாரு?"

சந்தனம் வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சோதிக்கிறதா? நீங்க ஒண்ணு சார், அதெல்லாம் அவருக்கு நிச்சயம் பண்ணுன பொண்ணு தெனம் அவருக்கு அனுப்புற கேள்வி, எங்க சாருக்குச் சினிமாவுல ஒரு எழுத்து தெரியாது!"