ஸ்கேனுக்கு வைத்த நோன்பு

பட்டினி கிடக்கும் விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது என்று ஒரு காலத்தில் மார்தட்டிக்கொண்டிருந்தேன். (இப்போது எடுக்கலாம். வாயைப் பொத்திக்கொண்டு கேட்டுக்கொள்வேன்.) ஏழு வயதில் முதல் நோன்பு வைத்தவள் நான். பூந்தமல்லியின் மே மாத வெயிலில் தையல் மெஷினை மிதித்துக்கொண்டே நோன்பு வைத்தவள். அந்தத் திமிர்தான் மூன்று வருஷத்துக்கு முன்னால் என்னை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார வைத்து, சந்தி சிரிக்க வைத்தது.

மேல் வயிற்றில் வலி. சாப்பிட்டால் முதுகு வரை இழுத்துப் பிடிக்கும். வயிற்றின் மேல் பசை தடவி எடுக்கிற சாதாரண ஸ்கேனில், பித்தக்குழாய் வீங்கியிருக்கிறது, காரணம் தெரியவில்லை, குடலில் இருக்கும் காற்று மறைக்கிறது என்றார்கள்.

"கல்லா இருக்கலாம். கட்டியாவும் இருக்கலாம். உள்ள போய்ப் பாத்தாதான் தெரியும்," என்றார் டாக்டரம்மா. முனையில் குட்டி ஸ்கேன் மெஷின் வைத்த குழாயை வாய் வழியாக இரைப்பைக்குள் விட்டு, கிட்டே இருந்தே பார்ப்பார்களாம். பக்கத்து வீட்டுச் சண்டையைச் சுவரில் காது வைத்துக் கேட்பதை விட்டுவிட்டு, ஒரு கப் சர்க்கரை வாங்குகிற சாக்கில் உள்ளேயே போய்விடுவது மாதிரி என்று புரிந்துகொண்டேன்.

'கட்டி' என்ற வார்த்தையைக் கேட்டதிலிருந்து என் வீட்டுக்காரர் காதருக்குப் பேச்சே நின்றுபோனது. நசரத்பேட்டையில் பைக் மெக்கானிக் அவர். மணிக்கொரு டீ, மூச்சுக்கு மூச்சு பேச்சு என்று இருந்த மனுஷன். எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான். ஆனால் வீட்டில் ஒருத்தராவது நிமிர்ந்து நிற்க வேண்டாமா? தெரியாமல் பயந்து சாவதைவிட, தெரிந்துகொண்டு மல்லுக்கட்டலாம். என்ன ஆனாலும் சரி, புதன்கிழமை அந்த ஸ்கேனை எடுத்தே தீருவது என்று முடிவு கட்டினேன்.

முந்தின நாள் சிஸ்டர் ஃபோன் செய்தார். "நாளைக்கு ஒம்பது மணிக்கு ஃபாஸ்டிங்ல வாங்கம்மா. தண்ணிகூடக் குடிக்கக் கூடாது. ராத்திரி..."

"ஃபாஸ்டிங்தானே? அத நீங்க எனக்குச் சொல்லவே வேணாம் சிஸ்டர்," என்று ஃபோனை வைத்துவிட்டேன். (அந்த 'ராத்திரி'க்குப் பிறகு என்ன வந்தது என்று கேட்கிற பொறுமை இருந்திருந்தால், இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.)

தண்ணீர்கூடக் கூடாது என்றால் எங்கள் வீட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான், நோன்பு. நோன்பு என்றால் சஹர் உண்டு. விடியற்காலை பள்ளிவாசலில் பாங்கு சொல்வதற்குள் வயிறாரச் சாப்பிட்டுவிட வேண்டும். அலாரம் வைத்து எழுந்தேன். மிச்சமிருந்த மட்டன் குழம்பு, சுடச்சுடச் சோறு, இரண்டு ஆஃப்பாயில், ஒரு வாழைப்பழம், மேலே ஒரு சொம்பு தண்ணீர். வலித்தால் வலிக்கட்டும், ஆஸ்பத்திரிக்குத்தானே போகிறோம் என்று ஒரு தைரியம். காதரும் தூக்கக் கண்ணோடு பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். குழம்பு வாசனைக்கு எழுந்து வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரிக் கவுனில் நான் தயார். கையில் ஊசி ஏற்றுவதற்கு முன்னால் சிஸ்டர் கேட்டார்.

"கடைசியா எப்பம்மா சாப்ட்ட?"

"நாலே முக்காலுக்கு. அதுக்கப்புறம் ஒரு சொட்டு உள்ள போவல."

"நேத்து சாய்ங்காலமா?"

"இன்னிக்கு, சஹர்ல."

"இன்னா சாப்ட்ட?"

பெருமையாக ஒவ்வொன்றாக ஒப்பித்தேன். ஆஃப்பாயிலுக்கு வந்தபோது சிஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்மா, இதுக்குப் பேரு ஃபாஸ்டிங்கா? இப்ப குழாய உட்டா மட்டன் பீசுதான் தெரியும்!"

டாக்டரம்மா வந்தார். மயக்கம் கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது மேலே ஏறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து என்று விளக்கினார். "ஊட்டுக்குப் போய்ட்டு அடுத்த வாரம் வாங்கம்மா."

அடுத்த வாரமா? இன்னும் ஏழு நாள் காதரின் அந்த முகத்தை வைத்துக்கொண்டு நான் எப்படிக் காலம் தள்ளுவது?

"சாப்ட்டு எத்தினி மணி நேரம் ஆவணும் டாக்டர்?"

"நீங்க சாப்ட்டதுக்கு எட்டு மணி நேரமாச்சும் ஆவணும்."

"அப்ப பன்னெண்டே முக்கால். நா இங்கியே குந்திக்கினு இருக்கேன். கடைசி ஆளு முடிஞ்சதும் எனக்குப் பாருங்க. பாக்காம நா போவ மாட்டேன்."

டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, ஒன்றரைக்குப் பாக்கலாம். அது வரைக்கும் பச்சைத் தண்ணிகூடக் கூடாது, புரியுதா?"

எனக்கா புரியாது! (புரிந்த லட்சணம்தான் ஊருக்கே தெரிந்துவிட்டதே.)

வராந்தா பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தோம். பத்து ஆனது, பதினொன்று ஆனது. காதர் அசையவில்லை.

"போய் ஒரு டீயாச்சும் குடிச்சிட்டு வாங்களேன். மூஞ்சி வாடிக்கினு கீது."

"வேணாம் பாத்து." பாத்திமா என்ற என் பெயரை அவர் சுருக்கியது அப்படித்தான். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நானும் நோன்பு. உனக்குக் கட்டியா இருக்கக் கூடாதுன்னு வெச்சிக்கினேன்."

அது வரை தாங்கிய நான் அங்கே உடைந்துபோனேன். என் வீறாப்பு எல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை, கவுனுக்கு மேல் போர்த்தியிருந்த துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். சிஸ்டர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "அழுவாதம்மா, கண்ணீரையும் முழுங்கித் தொலைக்கப் போற!"

ஒன்றரைக்கு உள்ளே போனேன். ஊசி போட்டதுதான் தெரியும். கண் விழித்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "பாங்கு சொல்லியாச்சா?" என்பதாம். டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாராம்: "அது தெரியலம்மா. ஆனா கட்டி இல்ல. சின்னக் கல்லுதான். இன்னொரு நாள் வாய் வழியாவே எடுத்துரலாம்."

காதர் என் கையைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். ஒரு வாரப் பேச்சையும் சேர்த்துப் பேசினார். சாயங்காலம் வீட்டில் நான் கஞ்சி குடிக்க, அவர் பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும் வரை காத்திருந்துதான் தண்ணீர் குடித்தார். அன்றைக்கு எங்கள் வீட்டில் இரண்டு பேர் நோன்பு வைத்தோம். செல்லுபடியானது ஒன்றுதான்.

அதிலிருந்து ஒவ்வொரு ரம்ஜானிலும் சஹருக்குத் தட்டு வைக்கும்போது என் மகள் கேட்பாள்: "அம்மா, இது ரம்ஜான் நோன்பா, ஸ்கேன் நோன்பா? அதுக்கேத்த மாரி ஆஃப்பாயில் போடறேன்."

போகட்டும், வீட்டோடு போனது என்று பார்த்தால் அதுவும் இல்லை. போன மாதம் என் நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு அதே ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதே சிஸ்டர். நெற்றி நிறைய விபூதி பூசிய திருமுல்லைவாயில் பெரியவர் ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "ராத்திரி பத்து மணிக்கு மேல ஒண்ணும் கூடாது. தண்ணி கூடாது, டீ கூடாது, சஹரும் கூடாது."

பெரியவர் பதறிப்போனார். "சிஸ்டர், அந்த மாத்திரைய நான் போடறதே இல்லியே!"

சிஸ்டர் திரும்பி என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். "அது இன்னான்னு இந்தம்மாவக் கேளுங்க."

சொன்னேன். ஆஃப்பாயிலை மட்டும் சொல்லவில்லை.