மக்கும் நாற்காலி

இனி என் வீட்டிலிருந்து மக்கக்கூடிய பொருள் ஒரு துரும்புகூட வெளியே போகாது என்று ஒரு காலையில் பிரகடனம் செய்தேன். மண்வளத்தின் மேல் காதல் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில், குப்பை வாளியைத் தெருக்கோடி வரை தூக்கிப் போவது என் முதுகுக்குப் பிடிக்கவில்லை.

தோட்டத்தில் குழி வெட்டினேன். வெட்டிய வேகத்தில் பூமியின் மறுபக்கத்துக்காரர்கள் தும்மியிருப்பார்கள். முழங்கால் ஆழந்தான் என்று என் மனைவி சொன்னால் நம்பாதீர்கள். பிறகு என் சாய்வு நாற்காலியில் சரிந்துகொண்டு அவளுக்குப் பாடம் நடத்தினேன். ஒரு பங்கு காய்கறித் தோலுக்கு இரண்டு பங்கு காய்ந்த சருகு. பிழிந்த துணி அளவுக்கு ஈரம். பெரியதைச் சிறு துண்டாக்கிப் போட வேண்டும். அவ்வப்போது கிளறிவிட வேண்டும். கிளறுவது அவள் இலாகா.

"மக்குற எல்லாத்தையும் போடணுமா?" என்று கேட்டாள்.

"எல்லாத்தையும். என் சட்டத்துல விதிவிலக்கே கிடையாது."

சிரித்தாள். கல்யாண நாளிலிருந்து அந்தச் சிரிப்பு எனக்கு நல்லது செய்ததில்லை.

முதலில் தோலும் சருகும் போயின. அப்புறம் நான் சேர்த்து வைத்த செய்தித்தாள்கள். அடுத்து என் பருத்தி பனியன்கள். பாதி ஏற்கெனவே மக்கிவிட்டதாம், மிச்சத்துக்குத்தான் குழியாம். பொறுத்துக்கொண்டேன். நாற்காலி இருக்கும்வரை மனுஷனுக்கு மானம் இருக்கிறது. நான் தூங்கியதும் அதில்தான், கோபித்துக்கொண்டு சாப்பிட மறுத்ததும் அதில்தான். கூடத்தை அடைக்கிறது என்று அதன்மேல் அவளுக்குத் தீராப் பகை.

ஒருநாள் கடையிலிருந்து திரும்பினேன். கூடத்தில் வெறும் தரை. ஓடிப்போய்ப் பார்த்தால் குழிக்குள் என் நாற்காலி, நான் சொல்லிக்கொடுத்தபடியே சிறு சிறு துண்டுகளாக.

"மரம் மக்கும். கித்தான் துணி பருத்தி, அதுவும் மக்கும். நீங்க போட்ட சட்டந்தானே?"

"ஆணி மக்காதே," என்றேன். மூழ்குகிறவனுக்குக் கிடைத்த கடைசித் துரும்பு அது.

"அதெல்லாம் அடுத்த வீட்டுத் தம்பி பிடுங்கிக் குடுத்துட்டார்."

அடுத்த வீட்டுத் தம்பி பல் வைத்தியர். குறடும் கையுமாக மதிலுக்கு அப்பால் நின்றிருந்தார். மரத்துப்போக ஊசியாவது போட்டாரா, தெரியவில்லை.

அவள் சருகைத் தூவி, மண்ணைத் தள்ளி மூடினாள். உட்கார ஓரிடம் இல்லாமல் குழிக்கரையில் நின்றேன்.

"எல்லாம் முடிஞ்சுதாக்கா?" என்று கேட்டார் பல் வைத்தியர்.

"மக்குறது எல்லாம் உள்ள போயாச்சு தம்பி," என்று சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "மக்கு ஒண்ணுதான் வெளிய நிக்குது."