ஆடுகளின் பங்காளி

பழவேற்காட்டில் எங்கள் தெரு ஆடுகள் எலும்பும் தோலுமாகத் திரிவதற்கு ஒரே ஒரு மனிதர்தான் காரணம். படகு இன்ஜின் மெக்கானிக். சொந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. ‘மேய்ச்சல்’ என்றால் ஏரிக்கு அந்தப் பக்கத்துப் பசியாவரத்துக்காரர்கள்கூட வீட்டைக் கைகாட்டுவார்கள்.

எங்கே பச்சையைக் கண்டாலும் மனுஷர் குனிந்துவிடுவார். ஒருநாள் ஏரிக்கரையில் இன்ஜின் மக்கர் பண்ணி ஒரு படகே காத்துக்கிடக்க, இவர் வழியில் உட்கார்ந்து உமரிக்கீரை கிள்ளிக்கொண்டிருந்தார். படகுக்காரர் கத்தினார்.

“இன்னா மேஸ்திரி, மீனெல்லாம் ஆந்திராப் பக்கம் போயிடும் போலக்குதே!”

“மீனு நாளைக்கும் வரும்பா. இந்தக் கொழுந்து நாளைக்கு முத்திப்பூடும்!”

என்னையும் விடவில்லை. இருமினால் தூதுவளை, முட்டி வலித்தால் முடக்கத்தான். காலையில் கதவைத் திறந்தால் வாசலில் ஒரு கட்டு கீரை, அதற்குள் ஒரு நத்தை. இருந்தாலும் அவர் உயிரை வைத்திருந்தது எங்கள் மதிலோரத்து மூக்கிரட்டைக் கீரையின் மேல்தான்.

போன மாதம் வீட்டு ஓனர் போன் செய்தார். “சார், காலையில ஆளை வெச்சு மதிலோரம் களைக்கொல்லி அடிச்சாச்சு. இனி ஒரு புல்லு மொளைக்காது.”

ஓடிப்போய்ப் பார்த்தேன். மூக்கிரட்டை நுனியெல்லாம் நகத்தால் கிள்ளியிருந்தது. மேய்ச்சலின் கைவேலைதான். செல்போனில் கூப்பிட்டால் எடுக்கவில்லை. செருப்புகூடப் போடாமல் அவர் வீட்டுக்கு ஓடினேன்.

தட்டை வழித்துக்கொண்டிருந்தார். “வா சார்! உன் வூட்டு மூக்கிரட்டதான். சென்னாக்குனி கருவாடு போட்டுக் கடைஞ்சிருக்குது. இன்னா ருசி தெரியுமா!”

“ஐயோ மேஸ்திரி! அதுல விஷ மருந்து அடிச்சிருக்காங்க. எழுந்திருங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்!” கையைப் பிடித்து இழுத்தேன்.

மனுஷர் அப்படியே சுவரில் சாய்ந்தார். “கண்ணு இருட்டிக்கினு வருது சார். ஸ்பானர் செட்டை எவனுக்கும் குடுத்துடாதே...”

அடுப்படியிலிருந்து அவர் சம்சாரம் எட்டிப் பார்த்தார். முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை.

“ஏந்திருய்யா! நீ கொண்டாந்ததை நான் என்னிக்கு ஆக்கினேன்? ரோட்டோரம் நாய் மோண்டுட்டுப் போனதை எவன் துன்றது? கண்ணாலம் ஆனதுலேர்ந்து எல்லாம் குப்பைக்குத்தான் போவுது. இது திருப்பாலைவனத்துக் கீரைக்காரம்மா கூடையில வாங்கின சிறுகீரை. சென்னாக்குனி போட்டா உனக்கு எல்லாம் ஒண்ணுதான்!”

அப்பாடா! போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. மேய்ச்சலுக்கும் கண் தெளிந்துவிட்டது. ஆனால் முகம் மட்டும் தொங்கிப்போயிருந்தது.

“அப்போ என் முட்டிவலி எதுலடி போச்சு?”

“சிறுகீரையில போச்சு!”

வழித்த தட்டைப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்: “சட்டியில இன்னும் கீதா?”

சம்சாரம் சட்டியோடு வந்து ஒரு கரண்டி போட்டார். மேய்ச்சல் என்னைப் பார்த்தார்.

“சார், கையை வுட்டீன்னா துன்னுவேன்.”

விட எனக்கு மனசே வரவில்லை.