லென்ஸ் இல்லாத இரண்டு வாரம்

"சார், இது பஸ் இல்ல, தண்ணி லாரி. எறங்குங்க!"

ராஜகீழ்ப்பாக்கம் நிறுத்தத்தில், லாரிப் படியில் ஒரு காலை வைத்தபடி ஜீவானந்தம் அசடு வழிந்தார்.

பதினாலு வருஷமாக அவர் கண்ணில் கடினமான லென்ஸ். கருவிழி கூம்பு மாதிரித் துருத்திக்கொண்டிருந்ததால் கண்ணாடி அவருக்கு உதவாது. நேற்று டாக்டர் ஞானாம்பாள் பரிசோதித்துவிட்டு உதட்டைப் பிதுக்கியிருந்தார்.

"லென்ஸ் இறுக்கமா உக்காந்து கருவிழியை அமுக்கி வெச்சிருக்கு. இப்போ கண் அழுத்தம் அளந்தா அதை நம்ப முடியாது. ரெண்டு வாரம் லென்ஸைத் தொடாதீங்க. கருவிழி தன் வடிவத்துக்கு வரட்டும், அப்புறம் அளப்போம்."

ஜீவானந்தத்தின் அப்பா கண் அழுத்தத்தில்தான் பார்வையைப் பறிகொடுத்தார். அதனால் மறுபேச்சில்லாமல் கழற்றிவிட்டார். ஆனால் ஆபீஸில் லீவு மிச்சமில்லை. மனைவி ஜாஸ்மினுக்கோ ஆஸ்பத்திரியில் காலை ஆறு மணி டூட்டி.

சட்டைப் பையிலிருந்த பழைய கண்ணாடியை எடுத்து மாட்டினார். வந்த பஸ் மூன்றாகத் தெரிந்தது. நடுவிலிருந்ததைக் குறிவைத்து ஓடியவர் விளக்குக் கம்பத்தில் 'ணங்'கென்று முட்டிக்கொண்டார்.

"அடடா, அடி பட்ச்சா சார்?" ஒரு கை அவர் கையைப் பற்றியது. "எங்க போவணும்?"

"குரோம்பேட்டை."

"நானும் அங்கதான். பேரு தயாளன். வாங்க, சேந்தே போலாம்."

முகம் வெறும் மேகமாகத்தான் தெரிந்தது. ஆனால் அந்தக் கையின் பிடியில் ஜீவானந்தத்துக்கு உயிர் வந்தது.

அன்று இருவரும் பம்மலில் போய் இறங்கினார்கள்.

"பஸ்ஸு ரூட்ட மாத்திட்டானுங்க போல கீது சார்," என்றார் தயாளன்.

மறுநாள் பஸ்ஸே வேண்டாமென்று ஷேர் ஆட்டோவில் ஏறினார்கள். கூடுவாஞ்சேரி வந்தது. அதற்கும் மறுநாள், கூட்டம் ஏறுகிற வண்டிதான் சரியான வண்டி என்று முடிவு செய்து ஏற, அது ஒரு நிச்சயதார்த்த வேன். மண்டபத்தில் இறக்கி, இலை போட்டு, கேசரி வைத்து, "மாப்பிள்ளைக்குச் சித்தப்பாவா?" என்று அன்பாக விசாரித்தார்கள்.

மேனேஜர் திரிபுரசுந்தரி பொறுமை இழந்தார். "தினம் ஒரு ஊர்லேருந்து போன் பண்றீங்களே, என்ன சார் இது?"

"வழி தப்புது மேடம். ஆனா அந்த மனுஷன் ஒரு நாளும் என் கையை விட்டதில்லை," என்றார் ஜீவானந்தம்.

ஜாஸ்மின்கூட, "அவருக்கு ஊர் புதுசு போலிருக்கு," என்று சிரித்தாள்.

"புதுசா இருந்தும் எனக்காகத் தினமும் காத்திருக்காரே!"

இரண்டு வாரம் முடிந்தது. டாக்டர் அழுத்தம் அளக்கும்போது ஜீவானந்தம் பயத்தில் தம் கட்டினார்.

"மூச்சு விடுங்க! தம் கட்டினா அதுவே அழுத்தத்தை ஏத்திக் காட்டும்."

விட்டார். மீண்டும் அளந்தார்கள்.

"பதினாறு. பயப்பட ஒண்ணுமில்ல. கருவிழியும் தன் வடிவத்துக்கு வந்திருக்கு. இனிமே இறுக்காத அளவுல லென்ஸ் போடலாம்."

சோதனைக்குப் புது லென்ஸ் ஒன்றைப் போட்டுவிட்டார்கள். சுவரிலிருந்த காலண்டர் தேதி பளிச்சென்று தெரிந்தது. அப்பாவை நினைத்து ஜீவானந்தம் கைகூப்பினார்.

வெளியே வரும்போது நடையில் கேட்டது அதே குரல். "சிஸ்டர், டாக்டரம்மா ரூம் எந்தப் பக்கம்?"

ஜீவானந்தம் பாய்ந்து போய் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டார். ஐம்பது வயது, நரைத்த மீசை. முதல்முறையாக முகத்தைப் பார்த்தார்; கண் கலங்கிவிட்டது.

"தயாளன் அண்ணா! நான் ஜீவானந்தம். நீங்க இல்லேன்னா இந்த ரெண்டு வாரத்தை நான் தாண்டியிருக்கவே முடியாது. எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

தயாளன் குரல் வந்த திசைக்குத் தோராயமாகத் திரும்பினார்.

"ஐய, நான்தான் சார் ஒங்களுக்கு நன்றி சொல்லணும்! என்னையும் ரெண்டு வாரம் லென்ஸ கயட்டி வெக்க சொல்லிட்டாங்களே, ஒங்க கைய புட்ச்சிகினுதான் நான் டெய்லி ரோட்டையே தாண்டினேன்!"