மாமனாரின் உடுப்புப் பை முன்னே போன கதை

ஒரு வீட்டைக் காலி செய்து கொடுப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. கட்டுகஸ்தோட்டையில் மட்டும் மூன்று வாடகை வீடு மாறியவன். சுவரில் ஆணி அடித்த ஓட்டையைப் பற்பசை வைத்து அடைக்கும் அளவுக்குத் தேர்ச்சி. (பழைய வீட்டுக்காரம்மா இதைப் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் சொல்கிறேன்.) அந்தத் தலைக்கனம் நிலாவெளிக் கடற்கரையில் ஒரு சனிக்கிழமை காலையில் இறங்கியது.

செல்வியை நான் காதலித்துக் கட்டினேன். அவள் அப்பா நாவலப்பிட்டியில் ரயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுள் முழுக்க ரயிலுக்குப் பச்சைக்கொடி காட்டிய மனிதர், எங்கள் கல்யாணத்துக்கு மட்டும் சிவப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் வந்தார், சாப்பிட்டார், ஆனால் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு வருஷமாக எல்லாமே மகள் வழியாகத்தான். நான் எதிரேயே உட்கார்ந்திருப்பேன். "அந்தத் தம்பிகிட்ட சொல்லும்மா, ஃபேனைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லி" என்பார். செல்வி வாயைத் திறக்கும் முன்பே நான் குறைத்துவிட்டு நிற்பேன். நன்றியையும் அவளிடமே சொல்வார்.

இந்த முறுக்கைத் தளர்த்தத்தான் மாமியார் அந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தார். கடலோரம் ஒரு வாடகை வீடு, இரண்டு நாள், நாங்கள் நாலு பேர். "கடல்ல ரெண்டு முங்கு போட்டா மனுசன் இளகிருவாரு, பாருங்க தம்பி" என்றார். எங்கே இளகினார்? கடலிலும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் குளித்தார். அவர் வாயிலிருந்து 'மாப்பிள்ளை' என்று ஒருமுறை கேட்டுவிடமாட்டோமா என்று நான் ஏங்கியது ஏங்கியபடியே கிடந்தது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டைக் காலி செய்துவிட வேண்டும். வேனும் பத்துக்குத்தான் வரும். பிரிட்ஜில் ஒட்டியிருந்த விதிகளை நான் மனப்பாடம் செய்திருந்தேன். மணல் கூட்டுவது, பாத்திரம் கழுவுவது, குப்பையைக் கறுப்புப் பைகளில் கட்டி கேட்டுக்கு வெளியே வைப்பது. அப்போதுதான் மாமனார் நாட்காட்டியைப் பார்த்துவிட்டு மகளிடம் அறிவித்தார்.

"ஒம்பதுல இருந்து பத்தரை வரைக்கும் ராகு காலம். நான் படி எறங்க மாட்டேன்னு சொல்லிரும்மா."

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் புஷ்பம் அக்கா அடுக்களையிலிருந்து ஓடி வந்தார். "ஐயோ, பத்தரைக்கு மற்ற ஆக்கள் வருவினம். எனக்கு வீடு கழுவ வேணும்!"

கடவுள் எனக்கென்றே அனுப்பிய வாய்ப்பு இது. "பரஸ்தானம் வச்சிரலாமே!" என்றேன். நல்ல நேரத்திலேயே போகிறவருடைய சாமான் ஒன்றை வீட்டு எல்லைக்கு வெளியே வைத்துவிட்டால் பயணம் அப்போதே ஆரம்பித்ததாகக் கணக்கு. பிறகு ஆள் எப்போது கிளம்பினாலும் தோஷமில்லை. மாமனார் முதன்முறையாக என் பக்கம் திரும்பினார். உடனே செல்வி பக்கம் திரும்பி, "பரவாயில்லையே, அந்தத் தம்பிக்கு இதெல்லாம் தெரியுதே" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். முதல் நாள் மழையில் அவருடைய பயணப்பை விறாந்தையில் கிடந்து ஊறிவிட்டிருந்தது. நான் பக்தியோடு அவருடைய காய்ந்த சாரம் (கைலிதான்), சட்டை, லோங்ஸ் என்கிற முழுக் காற்சட்டை, பெல்ட் எல்லாவற்றையும் மடித்து, புஷ்பம் அக்கா தந்த புத்தம்புதிய கறுப்புப் பையில் போட்டு, ஒரு துண்டு மஞ்சளும் வைத்துக் கட்டினேன். ஒன்பதுக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் கேட்டுக்கு வெளியே வைத்தேன். பக்கத்தில் குப்பைப் பை இரண்டையும் வைத்தேன். மூன்றும் ஒரே உயரம், ஒரே முடிச்சு. (அழகாக இருக்கிறதே என்று ரசித்தது வேறு.)

பயணம் ஆரம்பித்துவிட்ட நிம்மதியில் மாமனார் பழைய சாரத்தோடு கடைசிக் குளியலுக்குப் போனார். நான் மணல் கூட்டினேன். "ஆளு கெளம்புறப்ப கூட்டாதீங்க தம்பி!" என்று மாமியார் விளக்குமாற்றைப் பிடுங்கினார். சரி, வேறு என்ன செய்யலாம் என்று நிற்கும்போது வாசலில் குப்பை டிரக்டர் சத்தம். ஓடிப்போய் நானே தூக்கிக் கொடுத்தேன். முதல் பை, இரண்டாவது பை, மூன்றாவது பை.

"இது கொஞ்சம் பாரமாக் கிடக்கு" என்றார் டிரக்டரில் நின்றவர்.

"எல்லாம் குப்பைதாங்க, கொண்டு போங்க!" என்று கையசைத்து வழியனுப்பினேன்.

மாமனார் சொட்டச் சொட்ட வந்து, "என் உடுப்பை எடுத்துக் குடும்மா" என்று செல்வியிடம் கேட்டபோதுதான் அந்த மூன்றாவது பை எது என்று எனக்கு உறைத்தது. காலில் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன். டிரக்டர் என்ன பெரிய வேகத்தில் போகும் என்று நினைப்பவர்கள் ஒருமுறை வெறுங்காலோடு துரத்திப் பார்க்கவும். நான் சந்திக்குப் போய்ச் சேர்ந்தபோது அது பெரிய ரோட்டில் ஏறி மறைந்துவிட்டது.

"இனிக் கிடைக்காது தம்பி. குப்பைமேட்டுல யானையள் நிக்கும், கிளறிப்போடும்" என்று ஆறுதல் சொன்னார் புஷ்பம் அக்கா. சாஸ்திரப்படி பார்த்தால் மாமனாரின் பயணம் சுபவேளையில் குப்பைமேட்டை நோக்கி ஆரம்பித்திருந்தது.

ஈரச் சாரத்தோடு ஐந்து மணி நேரம் வேனில் உட்கார்ந்தால் சளி பிடித்துவிடும். எங்கள் பைகளில் காய்ந்ததாக மிச்சமிருந்தது, கடலுக்கென்று நான் வாங்கிய, முழங்கால் தெரியும், கிளிப் படம் போட்ட அரைக் களிசான்தான். அதை மாட்டிக்கொண்டு, சரியாகப் பத்து மணிக்கு, ராகு காலத்துக்குள்ளேயே மாமனார் படி இறங்கினார். யாரும் சிரிக்கவில்லை. மாமியார் மட்டும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

வேன் கிளம்பியது. சரி, இனி இந்த ஜென்மத்தில் 'மாப்பிள்ளை' இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன். தம்புள்ளையில் தேநீருக்கு நிறுத்தினோம். அந்தக் கிளிகளோடு கடைக்குள் வர அவருக்கு மனமில்லை. நானே தேநீரை வாங்கிக்கொண்டு நொண்டி நொண்டி அவருடைய ஜன்னலடிக்குப் போனேன். அவர் கோப்பையை வாங்கவில்லை. என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கால்ல என்ன ரத்தம், மாப்பிள்ளை?"

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். வேறு யாருமில்லை.

"சிப்பி கிழிச்சிருச்சு மாமா. டிரக்டரத் துரத்துனப்ப..."

"செருப்பில்லாமலா ஓடுனீங்க? உடுப்புப் போனா கண்டியில வாங்கிக்கிறது. காலு போனா எங்க வாங்குறது? ஏறி உக்காருங்க மொதல்ல!"

தேநீரில் பாதி என் சட்டையில் கொட்டியது. அழுதேனா என்று கேட்காதீர்கள்.

எத்தனையோ வருஷமாகிவிட்டது. இப்போது நாவலப்பிட்டியில் எந்த வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும், பந்தியில் பக்கத்து இலைக்காரரைப் பிடித்துக்கொண்டு மாமனார் இந்தக் கதையை ஆரம்பித்துவிடுவார். அவர் சொல்வதில் டிரக்டர் மூன்றாகிவிட்டது, யானை என் முன்னாலேயே லோங்ஸைத் தின்கிறது. "எங்க மாப்பிள்ளை என்னையக் குப்பையில போட்டாரு தெரியுமா?" என்று அவர் ஆரம்பித்ததுமே பந்தி முழுக்கச் சிரிக்கிறது. சிரிக்கட்டும். 'எங்க மாப்பிள்ளை' என்றதுமே எனக்கு வயிறு நிறைந்துவிடுகிறது.