ஒன்டூ அண்ணனின் கத்திரி ஆல்பம்

திண்டுக்கல்லில் தக்காளி வாங்கிச் சமைத்த எவரும் ஒன்டூ அண்ணனின் பேச்சுக்குக் கட்டுப்படாமல் வாழ்ந்திருக்க முடியாது. பெற்ற பிள்ளை அழைத்தாலும் சீரியலை விட்டு எழாதவர்கள், அவர் கூப்பிட்டால் கையில் கூடையோடு வாசலுக்கு வந்துவிடுவார்கள். லோடு ஆட்டோக்களின் தலையில் கட்டிய குழாயிலிருந்து, 'நாட்டுத் தக்காளி, நயம் தக்காளி, வாங்கம்மா வாங்க' என்று ஒலிக்கும் குரல் அவருடையது. பழைய இரும்புக்கும் அவர்தான், கோலப்பொடிக்கும் அவர்தான், காணாமல் போன ஆட்டுக்கும் அவர்தான்.

மைக்கைத் தட்டி 'ஒன் டூ, ஒன் டூ' என்று சோதித்துப் பார்க்கும் பழக்கம், மைக் இல்லாத இடத்திலும் அவருக்கு ஒட்டிக்கொண்டது. டீக்கடையில் 'ஒன் டூ' என்று தொண்டையைச் சரிசெய்த பிறகுதான் டீ கேட்பார். கடைக்காரர் அதற்குள் இரண்டு டீ போட்டிருப்பார். அண்ணன் இரண்டையும் குடித்துவிடுவார், அதுவும் நடந்துகொண்டே. அவர் உட்கார்ந்து டீ குடித்து யாரும் பார்த்ததில்லை. ரயில்வே கேட் அடைத்திருந்தால் மூன்று நிமிடம் நிற்க மாட்டார். வண்டியைத் திருப்பி ஊரைச் சுற்றிக்கொண்டு போவார். அரை மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தாலும், நிற்கவில்லை என்ற திருப்தி அவருக்கு.

நான் அப்போது அவர் இருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில், ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனர். காதுகுத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் ஒரே ரோஜாப்பூவை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். மாடியில் அண்ணனின் பதிவு அறை. சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருக்கும். ஒரு மைக், ஒரு கம்ப்யூட்டர், ஒரு நாற்காலி. நாற்காலியில் ஆம்ப்ளிஃபயர் உட்கார்ந்திருக்கும்.

மூன்று கோடைக்கு முன்பு, ஒரு ஏப்ரல் காலையில் அவர் என் கடைக்குள் வந்து மேசையைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார்.

"தங்கச்சி, ஒரு ஆல்பம் போடப்போறேன். டான்ஸ் ஆல்பம். கோடைக்குன்னே."

"எதுக்குண்ணே திடீர்னு?"

"இருவது வருசமா என் குரலக் கேட்டா ஜனம் பையத் தூக்கிக்கிட்டு வருது. ஒரு தடவையாச்சும் ஆடுமான்னு பாக்கணும்."

சொல்லிவிட்டு நின்றார். அவர் நின்றதே எனக்குப் பயமாக இருந்தது. அட்டைப்படம் செய்து தருவதாகச் சொல்லிவிட்டேன்.

தனியாகப் பாடினால் எடுபடாது, இப்போதெல்லாம் கூட்டணிதான் என்று அவரே முடிவு செய்து இரண்டு பேரைப் பிடித்தார். ஒருவர் ஜெயராணி அக்கா. எதிர்ச் சந்தில் பியூட்டி பார்லர் வைத்திருந்தவர், ஞாயிற்றுக்கிழமை சர்ச் பாடகர் குழுவில் முதல் குரல். இன்னொருவர் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏலம் விடுபவர். மூச்சு விடாமல் விலை கூவுவதைக் கேட்டுவிட்டு, "மெட்ராஸ்ல இதத்தான் ராப்புங்கிறான்" என்று அண்ணன் அவரை அழைத்து வந்துவிட்டார்.

ஆல்பத்தின் பெயர் 'கத்திரி'. ஐந்து பாட்டு. முதல் பாட்டு, அண்ணனே பாடிய 'கத்திரி வந்தாச்சு'. கத்திரி வெயிலைப் பற்றிய பாட்டு அது. இதை இப்போதே அழுத்தமாகச் சொல்லிவைக்கிறேன். அண்ணனும் அப்போதே சொல்லியிருக்கலாம்.

பதிவின்போது ஃபேன் சத்தம் மைக்கில் விழும் என்று ஃபேனை நிறுத்திவிடுவார். ஜெயராணி அக்கா தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு காதல் பாட்டுப் பாடினார். ஏலக்காரருக்கு வேறு சிக்கல். எதிரே வாங்குகிறவர்கள் இல்லாமல் அவருக்கு வாய் வரவில்லை.

"ஏனுங்க, கேக்கறதுக்கு ஆளில்லாம எப்படிங்க கூவறது?"

அதனால் என்னையும் எங்கள் கடை பைண்டரையும் மாடிக்குக் கூட்டிப்போய் நிறுத்தினார்கள். நாங்கள் விரலை உயர்த்த உயர்த்த அவர் விலையை ஏற்றினார். தாளம் பறந்தது. அண்ணன் ஹெட்போனோடு அறைக்குள் சுற்றிச் சுற்றி ஆடினார். திடீரென்று ஏலக்காரர் நிறுத்திவிட்டார்.

"ஏன் நிறுத்திட்டீக? இன்னும் ஒரு நிமிசம் ஓடணுமே."

"வெல கட்டிருச்சுங்க. அதுக்கு மேல கூவுனா அநியாயமுங்க."

அந்தப் பாட்டு இரண்டரை நிமிடத்தோடு முடிவது அதனால்தான்.

அட்டைப்படத்தில் யார் பெயர் முதலில் என்று அடுத்த சண்டை. பாடுவது நான் என்றார் ஜெயராணி அக்கா. வயதில் மூத்தவன் நான் என்றார் ஏலக்காரர். நான் பெயர்களை வட்டமாகப் போட்டுக் கொடுத்தேன். வட்டத்திலும் மேலே இருப்பவர்தான் முதல் என்று இருவரும் கண்டுபிடித்துவிட்டார்கள். கடைசியில் இடமும் வலமுமாக இருவர் பெயரையும் சம அளவில் போட்டேன். அண்ணன் பெயரை எங்கே வைப்பதென்று கேட்டேன். "எம் பேர விடு. குரலக் கேட்டா தெரியாதாக்கும்" என்று படியேறிப் போய்விட்டார்.

ஊருக்கே தெரிந்த குரல்தான். வினையே அதுதான்.

கத்திரி பிறந்த அன்று, உச்சி வெயிலில் வெளியீடு. குளுகுளு மண்டபத்தில் வெயில் பாட்டை வெளியிடுவது பொய் என்பது அவர் கட்சி. காய் விற்கும் பாண்டியின் லோடு ஆட்டோவைக் காலி செய்து, இரண்டு ஸ்பீக்கரும் என் ஃப்ளெக்ஸும் கட்டினோம். ஜெயராணி அக்கா கூலிங் கிளாஸ் போட்டு நின்றார். ஏலக்காரர் புதுத் துண்டு போட்டிருந்தார். அண்ணன் போனில் பட்டனை அழுத்தி உலகம் முழுக்கக் கேட்கும்படி ஆல்பத்தை இணையத்தில் ஏற்றப்போகிறார் என்று ஏற்பாடு. 'ஒன் டூ' என்று சொல்லி அழுத்தினார். வெயிலில் போன் சூடாகி அணைந்துவிட்டது. ஈரத் துண்டில் சுற்றி வைத்து, அது உயிர் பிழைக்கும் வரை காத்திருந்து ஏற்றினோம்.

வண்டி நாகல் நகர் பக்கம் திரும்பியதும் பாட்டைப் போட்டார். தெரு அதிர்ந்தது.

'கத்திரி வந்தாச்சு, கத்திரி வந்தாச்சு, கதவத் தொறந்து வெளிய வா.'

கதவுகள் திறந்தன. ஒன்றல்ல, தெரு முழுக்க. அண்ணன் என் தோளைத் தட்டி, "பாத்தியா, பாத்தியா" என்றார். முதல் பெண்மணி கையில் பெரிய எவர்சில்வர் பாத்திரத்தோடு வந்தார். அவருக்குப் பின்னால் கூடைகள், பைகள், ஒரு முறம்.

"கத்திரி என்ன வெலப்பா?"

"கத்திரிக்கா இல்லக்கா. பாட்டு."

"அப்ப கத்திரி எங்க?"

அண்ணன் மேலே சூரியனைக் காட்டினார். "அந்தா இருக்கு."

அந்த அம்மா அண்ணாந்து பார்த்தார். கண் கூசியது. பிறகு அண்ணனைப் பார்த்தார்.

"வெயிலு வந்தது எங்களுக்குத் தெரியாதா? அதச் சொல்லவா அடுப்ப அணைக்கவச்சுக் கூப்புட்ட?"

ஏலக்காரரின் பாட்டு ஆரம்பித்தபோது நிலைமை இன்னும் மோசமானது. அவர் விலை ஏற ஏற ஜனங்களுக்குக் கோபமும் ஏறியது. அன்று போன ஆறு தெருவிலும் இதே கதை. கடைசித் தெருவில் ஒரு பெரியவர், காய் வரும் வரை விடுவதில்லை என்று வண்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

இணையத்தில் வந்த வரவேற்பும் அதே மாதிரிதான். முதல் கருத்து, 'எங்கள் தெருவுக்கு எப்போது வரும்?' இரண்டாவது, 'பச்சையா, ஊதாவா?'

மறுநாள் ஜெயராணி அக்கா மாடியிலிருந்து வேகமாக இறங்கி வந்தார். "ஏ புள்ள, மனுசன் உக்காந்துட்டாருடி."

ஓடிப்போய்ப் பார்த்தேன். ஆம்ப்ளிஃபயரைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவரால் முடங்கிக் கிடக்க முடியும் என்று எனக்குத் தெரியாது. டீ வாங்கி வந்து கொடுத்தேன். ஒரு டீ மட்டும் குடித்தார்.

"பையத் தூக்கிக்கிட்டுத்தான வந்தாங்க" என்றார்.

மூன்றாம் நாள் பாண்டி வந்து வாசலில் நின்றான்.

"அண்ணே, அந்தப் பாட்டெல்லாம் எனக்குக் குடுங்க. அன்னிக்கு வந்த கூட்டத்த எங்கயும் நான் பாத்ததில்ல. கத்திரிக்கா ஏத்திக்கிட்டுப் போறேன்."

"அது ஆல்பம்லே. காய்க்குன்னா வேற பதிஞ்சு தாரேன், போ."

பாண்டி போகவில்லை. ஒட்டன்சத்திரத்துக்குப் போன் போட்டு அண்ணன் கையில் கொடுத்துவிட்டான். ஏலக்காரர் குரல் எனக்கே கேட்டது.

"குடுத்துருங்க. ரூமுக்குள்ளயே வெச்சிருந்து ஆருங்க கேக்கறது? நாலு பேரு காதுல விழட்டுமுங்க."

அண்ணன் போனைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு எழுந்து பென் டிரைவைத் தேடினார். அவர் எழுந்ததே எனக்குப் போதுமானதாக இருந்தது.

பத்து நாள் கழித்துக் காலையில் கடை வாசலில் அவருடைய வண்டி உறுமியது. "ஏறு தங்கச்சி. செத்த நேரந்தான்." எங்கே என்று சொல்லவில்லை. ரவுண்டு ரோடு பக்கம் ஒரு சந்து முனையில் வண்டியை நிறுத்தி, எஞ்சினையும் அணைத்தார். உள்ளே பாண்டியின் ஆட்டோ நின்றது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. தராசைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள்.

நைட்டி மேல் துண்டு போட்ட ஓர் அம்மா கடைசியில் நின்றார். தன் முறைக்குக் காத்திருந்தவரின் கால் முதலில் தட்டியது. அப்புறம் தோள். அப்புறம் கையிலிருந்த பாத்திரத்தில் விரலால் தாளம் போட்டபடி முழுசாகவே ஆட ஆரம்பித்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பெண் சிரித்தாள், பிறகு அவளும் சேர்ந்துகொண்டாள். அடுத்த பாட்டில் ஏலக்காரரின் குரல் விலையைக் கூவக் கூவ, "கொறச்சுக் குடு, கொறச்சுக் குடு" என்று தாளம் தப்பாமல் எதிர்ப்பாட்டு. பாண்டி தராசைப் பிடித்தபடியே இடுப்பை ஆட்டினான்.

"போய்ச் சொல்லுங்கண்ணே, இது உங்க ஆல்பம்னு."

"வேணாம். சொன்னா ஆடுறத நிப்பாட்டிரும்."

பாட்டு முடியும் வரை ஒரே இடத்தில் நின்றார். கால்கூட மாற்றவில்லை. முகத்தைத் துடைத்தார். வியர்வை என்றுதான் நானும் வைத்துக்கொண்டேன். பிறகு வண்டியை உதைத்து, "சவுண்டுல ட்ரெபிள் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார்.

நான் இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறேன். போன வாரம் போன் செய்து, இதை எழுதலாமா என்று கேட்டேன். நடந்துகொண்டே பேசினார். பின்னணியில் வெல்டிங் பட்டறையும் பஸ் ஹாரனும் கோயில் மணியும் ஒவ்வொன்றாகக் கடந்து போயின. அடுத்து மழைக்கு ஒரு ஆல்பமாம். ஏலக்காரர் இந்த முறை மூன்று நிமிடம் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறாராம். "என்னைய என்ன வேணாலும் எழுதிக்க. நீ சாப்டியா?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திருக்காமல் வைத்துவிட்டார்.

துண்டிக்கப்பட்ட போனைக் காதிலிருந்து எடுக்காமல், "சாப்பிட்டேண்ணே" என்றேன்.